கண்கட்டி ஆட்டமும் கடல் கடந்த மகாராணியும்

இதை வாசிக்கத் தொடங்குமுன் ஒரு துண்டும் இரண்டு பேரும் தேவை. துண்டு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

போன விடுமுறையில் மாத்தளைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். மருமகனின் கண்களைத் துண்டால் இறுக்கிக் கட்டி முற்றத்தின் ஒரு மூலையில் நிறுத்தினேன். அவனுடைய தங்கை திண்ணையில் நின்றுகொண்டு "இடது", "வலது", "நில்" என்று சொல்ல வேண்டும். அவன் அதைக் கேட்டுக் கேட்டு மறு மூலையிலுள்ள கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் முறை சுலபமாகப் போய்விட்டான். வழியில் நின்ற பலா மரத்தைக்கூட ஒரு சாண் இடைவெளியில் அழகாகச் சுற்றிக்கொண்டு போனான்.

இரண்டாம் முறை ஒரேயொரு விதியை மாற்றினேன். "தங்கச்சி சொல்வது காதில் விழுந்த உடனே செய்யாதே. ஐந்து அடி நடந்துவிட்டு, அதற்குப் பிறகு செய்."

அவ்வளவுதான். பையன் பலா மரத்தில் முட்டினான். அங்கிருந்து விலகி வாளியைக் கவிழ்த்தான். கடைசியில் கோழிக்கூட்டின் மேல் சாய்ந்தான். கோழிகள் போட்ட சத்தத்தில் அக்கா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள்.

"இவ பிழையா வழி சொல்றா மாமா!"

"நான் சரியாத்தான் சொன்னேன். இவன்தான் கேக்கல!"

இருவர் மேலும் பிழையில்லை. என்ன நடந்தது என்று பாருங்கள். அவன் இடப்பக்கம் அதிகம் சாய்ந்து போவதைக் கண்டு அவள் "வலது" என்கிறாள். அது நடைமுறைக்கு வர ஐந்து அடி ஆகும். அதுவரை அவன் இன்னும் இடப்பக்கம்தான் போகிறான். அவள் பதறிப்போய் "வலது, வலது" என்று கத்துகிறாள். ஐந்து அடி கழித்து அந்த மூன்று வலதும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய, பையன் ஒரேயடியாக வலப்பக்கம் திரும்பி வாளிக்குப் போகிறான். உடனே இவள் "இடது, இடது!" என்கிறாள். அடுத்தது கோழிக்கூடு.

நாம் செய்த செயலின் விளைவைக் கண்டு அடுத்த செயலைத் திருத்திக்கொள்வதைப் பின்னூட்டல் என்பார்கள். சைக்கிள் ஓட்டுவது, சோற்றுப் பானையின் அடுப்பைத் தணிப்பது எல்லாமே பின்னூட்டல்தான். பின்னூட்டல் தாமதமானால் திருத்தம் பிந்தி வரும். அதைவிட மோசம், வரும்போது அளவுக்கு மீறி வரும். பொறியியலாளர்கள் இதைக் கண்டு பயப்படுவார்கள். எத்தனையோ நல்ல இயந்திரங்கள் இதனால் ஆட்டம் கண்டிருக்கின்றன.

நம் உடம்பு இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்திருக்கிறது தெரியுமா? கொதிக்கும் கேத்தலில் விரல் பட்டால் கை பட்டென்று பின்னால் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் "ஆ, சுடுகிறது!" என்று நமக்கே தெரியவரும். விரலிலிருந்து கிளம்பிய செய்தி மூளை வரை போய், மூளை யோசித்து, உத்தரவு திரும்பி வரும்வரை கை காத்திருப்பதில்லை. முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாணே "இழு!" என்று சொல்லிவிடுகிறது. இதைத் தெறிவினை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மூளைக்குச் செய்தி போகத்தான் செய்கிறது. ஆனால் அது போய்ச் சேரும்போது காரியம் முடிந்திருக்கும்.

செவ்வாய்க் கோளுக்கு அனுப்பும் வண்டிகளிலும் இதே ஏற்பாடுதான். ரேடியோ அலை ஒரு விநாடியில் 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். அப்படி ஓடியும் பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போக, இரண்டு கோள்களும் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். 2021 பெப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் என்ற வண்டி அங்கே இறங்கியபோது செய்தி வர ஏறக்குறைய 11 நிமிடம் ஆனது. வண்டி காற்று மண்டலத்துக்குள் நுழைந்து தரையைத் தொட எடுத்ததோ சுமார் 7 நிமிடம். அதாவது "நுழைந்துவிட்டேன்" என்ற செய்தி பூமிக்கு வந்தபோது அங்கே வண்டி தரையில் நின்றுகொண்டிருந்தது, அல்லது நொறுங்கிக் கிடந்தது. இங்கிருந்து யாரும் எதையும் திருத்தியிருக்க முடியாது. அதனால்தான் இறங்கும் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள். கல்லைக் கண்டால் விலகிப் போகவும் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டு பிள்ளைகளோடு மாத்தளை டவுனுக்கு நடந்து போனேன். வழியில் 1848 கிளர்ச்சியின் நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே நின்றுதான் மீதிக் கதையைச் சொன்னேன்.

1815 மார்ச் 2 அன்று கண்டி இராச்சியம் பிரித்தானிய முடியின் கைக்குப் போனது. கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியில் வந்தவர். அதன் பிறகு மாத்தளைக்கு மேல் அதிகாரம் உள்ளவர் யார் என்று கேட்டால், 8,700 கிலோமீற்றருக்கு அப்பால் லண்டனில் இருக்கும் ஓர் அரசர் அல்லது அரசி. 1848-இல் அது விக்டோரியா மகாராணி. மாத்தளையை அவர் கண்ணால் கண்டதில்லை.

அந்தக் காலத்தில் மலையெல்லாம் கோப்பி. தேயிலை பிறகு வந்தது. 1840-இல் ஒரு சட்டம் போட்டார்கள். உரிமையைக் காட்ட முடியாத காட்டு நிலமெல்லாம் முடிக்குச் சொந்தம் என்றது அது. தாத்தா, பூட்டன் காலத்திலிருந்து சேனை வெட்டிக் குரக்கன் விதைத்த கிராமத்தவரிடம் உறுதிப் பத்திரம் ஏது? நிலம் தோட்டக்காரத் துரைமாருக்கு விலைபோனது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரமாய் நம் முன்னோர் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வடக்குப் பாதையை நினைவில் வைத்திருங்கள். மறுபடியும் வரும்.

1847-இல் ஐரோப்பாவில் வியாபாரம் படுத்தது. லண்டனில் கோப்பி விலை சரிந்தது. விலை சரிந்ததும் இலங்கை அரசாங்கத்தின் வருமானமும் சரிந்தது. அந்த ஆண்டுதான் டொரிங்டன் பிரபு புதிய தேசாதிபதியாக வந்திருந்தார். பிரித்தானியப் பிரதமருக்குச் சொந்தக்காரர். கஜானாவை நிரப்ப அவர் புதிய வரிகளைப் போட்டார். அப்போது அவருக்கு வயது 35. 1848 ஜூலை முதலாம் திகதியிலிருந்து துப்பாக்கிக்கு இரண்டரைச் சிலிங். நாய்க்கு ஒரு சிலிங். கடைக்கு வரி, வண்டிக்கு வரி. அதோடு ஆண்டுக்கு 6 நாள் தெருவில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும், முடியாதென்றால் 3 சிலிங் கட்ட வேண்டும். பிக்குமாரையும் முதலில் இதற்குள் சேர்த்திருந்தார்கள்.

"நாய்க்கு வரியா?" என்று மருமகன் சிரித்தான். சிரிப்பாகத்தான் இருக்கிறது. லண்டனில் நாய் என்றால் மடியில் வைத்துக் கொஞ்சுகிற பிராணியாக இருக்கலாம். சேனைக்காரனுக்கு அது இராக்காவல். காட்டுப்பன்றி இறங்கினால் குரைக்க நாய் வேண்டும், விரட்டத் துப்பாக்கி வேண்டும். இரண்டுக்கும் வரி என்றால் தின்கிற சோற்றுக்கே வரி போட்டது போல. இதை ஒரு கிராமத்துப் பையன்கூடச் சொல்லியிருப்பான். ஆனால் வரி எழுதிய அறையில் அவனைப் போன்ற யாரும் இருக்கவில்லை. கொழும்பில் 1833-இலிருந்து ஒரு சட்டசபை இருந்தது உண்மைதான். தேசாதிபதி நியமித்த சில பேர் அதில் உட்கார்ந்திருந்தார்கள். கண்டி நாட்டுச் சிங்களவருக்கென்று ஓர் இடம் கிடைக்க 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொழும்பில் 'ஒப்சேவர்' பத்திரிகையை நடத்திய கிறிஸ்டோபர் எலியட் என்ற ஐரிஷ் மருத்துவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். வரி கட்டுகிறவனுக்குச் சபையில் வாய் இருக்க வேண்டாமா என்று கேட்டு ஜூலை 3-இல் ஒரு கடிதம் வெளியிட்டார். அது சிங்களத்திலும் பரவியது. ஆள்வோரைக் கேள்வி கேட்கும் காலம் அது: அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் பாரிஸ் மக்கள் தங்கள் அரசரைத் துரத்தியிருந்தார்கள்.

இனிக் கடிகாரத்தைப் பாருங்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

1848-இல் தந்தி இலங்கைக்கு வரவில்லை. லண்டனுக்குக் கடிதம் போவதென்றால் காலியில் நீராவிக் கப்பல் ஏறி, சூயஸ் போய், அங்கிருந்து பாலைவனத்தை வண்டியிலும் ஒட்டகத்திலும் கடந்து, அலெக்சாந்திரியாவில் மறுபடி கப்பல் ஏற வேண்டும். சூயஸ் கால்வாய் வெட்டி முடிய இன்னும் 21 ஆண்டு இருந்தது. இந்தக் குறுக்கு வழியிலேயே போக ஐந்தாறு கிழமை ஆகும், வர இன்னும் ஐந்தாறு கிழமை. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பாய்க்கப்பலில் போனால் போவதற்கே ஏறக்குறைய நான்கு மாதம்.

ஜூலை 6 அன்று கண்டியில் சனம் கூடி, வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டது. அந்த முறைப்பாடு அன்றைக்கே லண்டனுக்குப் புறப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஓகஸ்ட் நடுவில் போய்ச் சேரும். படித்த அன்றே மகாராணியின் அமைச்சர் பதில் எழுதினாலும் அது இங்கே வர செப்டெம்பர் கடைசி ஆகிவிடும்.

அதற்குள் இங்கே நடந்தவை: ஜூலை 26-இல் தம்புள்ளைக் குகை விகாரையில் கொங்காலேகொட பண்டா என்பவருக்கு அரசராக முடி சூட்டினார்கள். ஜூலை 28-இல் அவருடைய ஆட்கள், நம் முன்னோர் நடந்து வந்த அதே வடக்குப் பாதையால் மாத்தளைக்கு இறங்கினார்கள். கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவுகளை அழித்தார்கள். மறுநாள் கண்டியில் இராணுவச் சட்டம். ஓகஸ்ட் 8-இல் கிளர்ச்சியின் படைத்தலைவர் புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். மொரட்டுவையைச் சேர்ந்த அவருக்கும் அப்போது வயது 35, தேசாதிபதியின் வயதேதான். ஓகஸ்ட் 26-இல் ஒரு பிக்குவை அவருடைய காவி உடையோடே சுட்டார்கள். செப்டெம்பர் 21-இல் கொங்காலேகொட பண்டா மலையில் பிடிபட்டார்.

எண்ணிப் பார்த்தீர்களா? முடிசூட்டு, சண்டை, மரண தண்டனை, கைது. ஒரு முழுக் கிளர்ச்சியும் ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையில் தொடங்கி முடிந்துவிட்டது. செவ்வாயில் வண்டி இறங்கிய கதையேதான்.

திருத்தமும் வந்தது, பிந்தி. பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 1849-இலும் 1850-இலும் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். 1850-இல் டொரிங்டனைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கொங்காலேகொட பண்டாவின் தூக்குத் தண்டனை கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டிருந்தது. 1849 முடிவதற்குள் அவர் இறந்துபோனார். புரன் அப்புவுக்கு எந்தத் திருத்தமும் உதவவில்லை.

வேடிக்கையான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் செய்தி கொழும்புக்கு வரவும் நேரமெடுத்தது. அதனால் 1850-இல் அதே 'ஒப்சேவர்' பத்திரிகை புறாக்களை வளர்க்கத் தொடங்கியது. கப்பல் செய்தியை மெல்லிய தாளில் எழுதிப் புறாவின் காலில் கட்டிவிட்டால் சுமார் 115 கிலோமீற்றரை அது குதிரை வண்டியைவிட எவ்வளவோ வேகமாகப் பறந்து கடந்துவிடும். 1858-இல் தந்திக் கம்பி வந்ததும் புறாக்கள் ஓய்வு பெற்றன. அரசாங்கத்துக்கு முன்பே ஒரு பத்திரிகைக்குத் தாமதத்தின் விலை தெரிந்திருந்தது, பாருங்கள்.

கோப்பிச் செடிக்கும் தாமதத்தால் கேடு வந்தது. 1869-இல் இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் போன்ற புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூந்தோட்டத்திலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே ஓர் அறிஞர் அது புதிய பங்கசு என்று கண்டு பெயர் வைத்தார். பெயர் வைத்தால் நோய் நின்றுவிடுமா? 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கேயே வந்து, தோட்டத்தில் தங்கி, காற்றில் எத்தனை வித்திகள் பறக்கின்றன என்று பார்த்து, நோய் பரவும் விதத்தை விளக்கினார். அதற்குள் மலையின் கோப்பியைக் காப்பாற்றும் காலம் கடந்துவிட்டது. மாத்தளைக்கு ரயில் வந்ததும் அதே 1880-இல்தான், கோப்பியை ஏற்றிப் போகலாம் என்ற நம்பிக்கையோடு.

தூரத்து முடியாட்சி கூடாது என்று முதலில் வாதாடியவர்கள் மாத்தளைக்காரர் இல்லை. 1776-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தின் அரசரை உதறியபோது தோமஸ் பெய்ன் என்பவர் ஒரு சிறு நூல் எழுதினார். அவரே இங்கிலாந்தில் பிறந்தவர். ஒவ்வொரு குறையையும் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி ஓடி, பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது என்ன ஆட்சி என்று அவர் கேட்டார். நம் கண்கட்டி ஆட்டத்தின் வாதம்தான் அது. அவர் வானத்தையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். இயற்கையில் எந்த உபகோளும் தன் கோளைவிடப் பெரிதாக இல்லை. அமெரிக்காவோ பரந்த கண்டம், இங்கிலாந்தோ தீவு. ஆக, சின்னது பெரியதை ஆள்வது இயற்கைக்கே மாறு என்றார்.

கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் இதை மாத்தளைக்குக் கொண்டுவந்து பாருங்கள். இலங்கையின் பரப்பு ஏறக்குறைய 65,600 சதுர கிலோமீற்றர். பெரிய பிரித்தானியத் தீவு நம்மைப் போல மூன்று மடங்குக்கு மேல். பெய்ன் சொன்ன கணக்குப்படி நாம் சின்ன உபகோள், அவர்கள் பெரிய கோள், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்! புரன் அப்பு ஒப்புக்கொள்வாரா?

"அப்ப நீங்க சொன்ன செவ்வாய் வண்டியும் வெறும் உவமைதானே மாமா?" என்று மருமகள் மடக்கினாள்.

நல்ல கேள்வி. கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. பிறகு இப்படிச் சொன்னேன். கோளும் உபகோளும் ஈர்ப்பால் கட்டுண்டவை. நாடுகளை ஈர்ப்பு கட்டி வைக்கவில்லை. அங்கே ஒத்துப்போவது உருவம் மட்டும். தாமதத்தில் உள்ளே நடக்கும் வேலையே ஒன்று. செய்தி போக வேண்டும், பதில் வர வேண்டும், அதற்குள் நிலைமை மாறிவிடும். கம்பியில் போனாலும் கப்பலில் போனாலும் கணக்கு அதேதான். ஓர் உவமையைக் கேட்டால், எது ஒத்துப்போகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அவள் விடவில்லை. "இப்பதான் வட்ஸ்அப் இருக்கே. லண்டனுக்கு உடனே சொல்லலாம். அப்ப அங்கேயிருந்து ஆளலாமா?"

இங்கேதான் கதை கடினமாகிறது. 1870-இல் கடலடித் தந்திக் கம்பி லண்டனையும் இந்தியாவையும் இணைத்தது. மாதங்கள் மணிகளாகச் சுருங்கின. அதனால் ஆட்சி இனித்ததா? இல்லை. உத்தரவு வேகமாக வந்தது, அவ்வளவுதான். தேசாதிபதி பதில் சொல்ல வேண்டியது லண்டனுக்கு, மாத்தளைக்கு இல்லை. கம்பி இருந்தும், இங்கிருந்து அங்கே வலியைக் கொண்டுபோகும் நரம்பு இல்லை. மக்களுக்கு அந்த நரம்பு வாக்கு.

தம்புள்ளையில் முடி சூட்டியவர்கள் கேட்டதும் பக்கத்தில் ஓர் அரசரைத்தான். அரசரே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1948 பெப்ரவரி 4-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. பிரித்தானிய முடி மட்டும் பெயரளவில் 1972 மே 22 வரை நம் தலைக்கு மேல் இருந்தது. ஆட்சி கொழும்புக்கு வந்துவிட்டது. மாத்தளையிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம்.

அந்த 1948-இலேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. வடக்குப் பாதையால் நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், மாத்தளைத் தோட்டங்களில் இருந்தவர்கள் உட்பட, பெரும்பாலும் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்கும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 55 ஆண்டு. ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் பாய்க்கப்பல்கூட இவ்வளவு பிந்தியிருக்காது.

"தாத்தாவுக்கும் வாக்கு இருக்கலயா?" என்றான் மருமகன்.

"அவருடைய அப்பாவுக்கும் இருக்கவில்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் முறை ஆடினோம். இது மருமகளே கண்டுபிடித்த விதி. வழி சொல்கிறவர் பக்கத்திலேயே நடக்க வேண்டும், தாமதமில்லாமல் உடனுக்குடன் சொல்ல வேண்டும். ஆனால் கண் கட்டியவனைப் பார்க்கக் கூடாது, அவன் "முட்டிட்டேன்" என்று கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. இம்முறை கண்ணைக் கட்டிக்கொண்டது நான்.

மூன்று முறையும் எத்தனை தரம் முட்டியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்றாம் முறையில் பலா மரம் இரண்டு தடவை, கோழிக்கூடு ஒரு தடவை. அக்கா அகப்பையோடு வந்தது கணக்கில் சேராது.